பெற்றோர் கருத்து: மிக நன்று

“இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கோங்கம்மா. கண்ணு ரெண்டும் உப்பின மாதிரி தெரியுது.”

இளம் விரிவுரையாளர் தன் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நேரமாகிறதே என்று விரிவுரையாளரே ஒற்றிப் பூசிவிட்டாள்.

“சொல்லிக் குடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கில்ல? எங்க, ஒரு தடவை சொல்லுங்க.”

“வேதியியல், மூணாம் வருஷம். பதிவு எண் நாப்பத்தேழு. காலேஜ் நல்லா இருக்கு. வாத்தியாருங்க சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கறாங்க.”

“கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதீங்க. சாதாரணமா பேசுங்க. நல்லபடியா முடிஞ்சா முதல்வர் ஒத்துக்கிட்டதைச் செஞ்சிருவாரு. வாக்கு மாற மாட்டாரு.”

“இன்னைக்கே செஞ்சிருவாரா?”

“இன்னைக்கேம்மா.”

வேதியியல் பட்டப்படிப்பின் அங்கீகாரம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்க முடியாது. அதற்காக வந்திருந்த மூன்று பேர் குழு, காலையிலிருந்து கோப்புகளை மேய்ந்துகொண்டிருந்தது. பதினொரு மணிக்குப் பெற்றோர் சந்திப்பு.

குழுத் தலைவர் கெட்டிக்காரர். கல்லூரி பொறுக்கித் தரும் பெற்றோர் வேண்டாமென்று, மாணவர் பட்டியலில் தானே ஐந்து எண்களை வட்டமிட்டுப் போன வாரமே அனுப்பியிருந்தார். முதல்வர் அவரையும் விடக் கெட்டிக்காரர். வர முடியாத பெற்றோருக்குப் பதிலாகக் கல்லூரி பஸ் டிரைவரும் விடுதிச் சமையல்காரரும் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து நாற்காலிக்கு வந்த அந்த அம்மாவிடம் டிரைவர் குனிந்தார். “அக்கா, நீங்க எந்த செக்‌ஷன்? உங்களைப் பார்த்ததே இல்லையே?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “புதுசு போல. பயப்படுது” என்று சமையல்காரரிடம் கண்ணடித்தார்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே, புல்வெளிக்கு அப்பால், அதே நிர்வாகம் நடத்தும் ஆஸ்பத்திரி.

குழு வந்து உட்கார்ந்தது. முதலில் பேசிய தகப்பனார் நிஜமான தகப்பனார். விடுதியில் தண்ணீர் சரியில்லை என்று போட்டு உடைத்தார். தலைவர் குறித்துக்கொண்டார். முதல்வர் சிரித்த முகம் மாறாமல் அந்த மனிதரை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்தது டிரைவர். “என் பையன் வீட்டுக்கு வந்தா காலேஜ் பேச்சுதான் சார். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட காதுல விழாது!” என்று வெளுத்து வாங்கினார். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

“நாப்பத்தேழு?”

அந்த அம்மா எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள்.

“பையன் எப்படிம்மா?”

“நல்லாப் படிப்பான் சார். வேதியியல்னா அவனுக்கு உசிரு.”

“வாத்தியாருங்க?”

“சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கறாங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆய்வகத்தை நாங்க இன்னும் பாக்கல. நேத்து மத்தியானத்துலேர்ந்து பெயிண்ட் அடிக்கறாங்கன்னு பூட்டி வெச்சிருக்காங்க. அதான் உங்ககிட்ட கேக்கறேன். பாதுகாப்பெல்லாம் எப்படி? புகையை வெளியேத்தற ஃபேன், தீயணைக்கிற கருவி, இதெல்லாம் இருக்குன்னு பையன் சொல்லியிருக்கானா?”

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மேசையில் தட்டிக்கொண்டிருந்த முதல்வரின் பேனா நின்றது. விரிவுரையாளர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்தாள். “ஒரு குறையும் இல்ல சார்.”

“சந்தோஷம். பையன் இப்ப எங்க? ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்களேன். அவன்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேட்டுக்கறேன்.”

“தூங்கறான் சார்.”

முதல்வர்தான் முதலில் சிரித்தார். “பரீட்சைக்குப் படிக்கறேன்னு விடிய விடிய முழிச்சிருப்பான் சார். ஹாஸ்டல் பசங்களைத் தெரியாதா?”

தலைவரும் சிரித்துவிட்டார். “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே! இடி விழுந்தாலும் எந்திரிக்காது. விடுங்கம்மா, தூங்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் உதட்டை விரித்தாள்.

மூன்று மணிக்கு அறிக்கையை வாசித்தார்கள். ஆய்வகம்: புகைப்படங்கள் பார்க்கப்பட்டன, நிறைவு. விடுதித் தண்ணீர்: கவனிக்க வேண்டும். பெற்றோர் கருத்து: மிக நன்று. ஐந்து ஆண்டுகளுக்கு அங்கீகாரம் தரப் பரிந்துரை.

கைதட்டினார்கள். சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குழுவின் கார் வாசலைத் தாண்டி மறையும்வரை முதல்வர் ஆட்டிய கையை இறக்கவில்லை.

டிரைவர் சலவைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே பஸ்ஸை எடுக்க ஓடினார். சமையல்காரர் அடுப்படிக்குத் திரும்பினார். அந்த அம்மா மட்டும் வராந்தாவிலேயே நின்றிருந்தாள். காலையில் பூசிய பவுடர் கன்னத்தில் கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது.

“ஐயா, நீங்க சொன்ன மாதிரியே பேசிட்டேன்...”

“பேசினீங்கம்மா. நான் மறப்பேனா?”

முதல்வர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். புல்வெளிக்கு அப்பால் கையைக் காட்டினார்.

“இதைப் பிணவறையில காட்டுங்கம்மா. பையனைக் குடுத்துருவாங்க.”