இரண்டு மணல் பெட்டிகள்

தேவாலய முற்றத்தில் இரண்டு தகரப் பெட்டிகளில் மணல் நிரப்பி வைத்திருந்தார்கள். மேல்பெட்டியில் உயிரோடிருப்பவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், கீழ்ப்பெட்டியில் செத்தவர்களுக்கு. கிழவர் கவ்ரில் தினமும் காலையில் செத்துப்போன மனைவி ஃப்ளோரிக்காவுக்குக் கீழே ஒன்று ஏற்றுவார். இதய ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் தனக்கு மேலே ஒன்று. கும்பிட்டு நிமிர்ந்தால் அவருடையது கீழே, அவளுடையதன் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். மூன்று நாளாக இப்படித்தான்.

“நீதானே மாத்தி வைக்கிற?” என்று மெழுகுவத்தி விற்கும் பரஸ்கீவாவிடம் கேட்டார்.

“எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு. பயத்துல நீயே கீழ நட்டிருப்ப, அண்ணே.”

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் வாசலில் நின்றது. தூக்கமில்லாமல் கவ்ரிலுக்குக் கண் எரிந்தது. பயந்து பயந்தே அலுத்துப்போயிருந்தார். இரண்டு மெழுகுவத்திகளையும் ஏற்றித் தன் கையாலேயே கீழ்ப்பெட்டியில் நட்டார்.

“மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் உம்ம கையிலதான் இருக்கேன், ஆண்டவரே. இனி உம்ம இஷ்டம்.”

சிலுவை போட்டுக்கொண்டார். போய் பஸ்ஸில் ஏறினார்.

பஸ் கிளம்பியதும் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். பரஸ்கீவா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கீழ்ப்பெட்டியில் வெறும் மணல். மேல்பெட்டியில் இரண்டு மெழுகுவத்திகளும் ஒன்றையொன்று ஒட்டி எரிந்துகொண்டிருந்தன.