பன்னிரண்டு வெள்ளை ரோஜாக்கள்

ஷெரிடன் ஊர்க் கடைவீதியின் காலை வெயில், பட்டறைக்குள் இருக்கும் குதிரைச் சேணத்தின் மேல் சாய்வாக விழுகிறது. தோலில் பன்னிரண்டு காட்டு ரோஜாக்கள். செதுக்கியவளும் வெள்ளை தீட்டியவளும் ட்வைலா. ஓரத்தில் குத்தியிருக்கும் முத்திரை மட்டும் அவள் கணவன் ராய்ஸுடையது. கடைசியில் தேய்க்கும் பழுப்புச் சாயம் வெள்ளையில் ஏறாமலிருக்க, இதழ் இதழாக மெல்லிய தூரிகையால் அரக்கு பூசி முடித்து இப்போதுதான் நிமிர்கிறாள். சேணத்துக்குச் சொல்லிவைத்திருந்த பண்ணைக்காரர் டோரன்ஸ் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வருகிறார். "அடேயப்பா! இந்தப் பூவெல்லாம் யாரு கைவேலை?" "வேற யாரு? நான்தான்," என்று ராய்ஸ் சாய டப்பாவைத் திறக்கிறான். "இருங்க, உங்க கண்ணு முன்னாலயே சாயம் தேய்ச்சுக் காட்டறேன்." ட்வைலா தூரிகையை நீட்டித் தடுக்கிறாள். "ராய்ஸ், அரக்கு இன்னும் காயல. நாளைக்குத் தேய்க்கலாம்." "நீ சும்மா இரு. எனக்குத் தெரியாததா?"

ஆட்டுத்தோல் துண்டு வட்டமாகச் சுழல்கிறது. செதுக்கிய கோடுகளில் பழுப்பு இறங்க, இலை நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. துண்டு பூக்களின் மேல் போகிறது. அரக்கு பிசுபிசுவென்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. வெள்ளை இதழ்கள் காப்பி கொட்டியதுபோல் ஆகின்றன. துடைக்கத் துடைக்க இன்னும் பரவுகிறது. "என்னப்பா இது, பூவெல்லாம் நாசமாப் போச்சே?" என்கிறார் டோரன்ஸ். ராய்ஸ் துண்டைப் பலகையில் எறிகிறான். "பூ வேலை என்னுது இல்லீங்க. ட்வைலா செஞ்சது." பதினாறு வருடத்தில், வாடிக்கையாளர் ஒருவரிடம் அவன் அவள் பெயரைச் சொல்வது இதுதான் முதல் தடவை.