எந்த அறைக்கு ஹீட்டர்?

"தரையில வைக்கிறதெல்லாம் வேண்டாம். சீலிங்ல திருகி மாட்டுறதைக் காட்டு" என்றாள் சாய்ரா.

கடைக்காரன் விடவில்லை. "அக்கா, நம்ம நாரின் மலையூர்க் குளிருக்குத் தரை ஹீட்டர்தான் வசதி. எந்த ரூமுக்கு வேணுமோ தூக்கிட்டுப் போகலாம்."

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

பக்கத்தில் மருமகள் பெகிமாய் நின்றிருந்தாள். எட்டாம் மாதம். மாமியார் என்ன கணக்குப் போடுகிறாள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

வீட்டில் நிலக்கரி அடுப்பு முன் அறையில் இருக்கிறது; அதுவும் விடிவதற்குள் அணைந்துவிடும். பின்னால் இரண்டு அறைகள். ஒன்று பெரியவர்களுக்கு, மற்றது அவளுக்கு. பழைய வயரிங் ஒரு ஹீட்டருக்கு மேல் தாங்காது. ஆக, ஹீட்டர் எங்கேயோ அங்கேதான் பிள்ளை தூங்கும்.

மூத்த பேரப்பிள்ளை தாத்தா பாட்டிக்கு என்பது அங்கே வழக்கம். அவர்களையே அப்பா அம்மா என்று கூப்பிட்டு வளரும். போன வாரம் சாப்பிடும்போது மாமனார், "பொறக்கப் போறது என் கடைக்குட்டி" என்று அறிவித்துவிட்டுத் தொட்டிலைத் தன் அறையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். போனில் அழுதவளிடம், "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நழுவிவிட்டான். நல்ல புருஷன்!

பெகிமாய் துணிந்து வாயைத் திறந்தாள். "அத்தே, தரையில வைக்கிறதே வாங்கலாமே? ராத்திரி என் ரூம்ல, பகல்ல உங்க ரூம்ல..."

"பிள்ளை தவழ ஆரம்பிச்சா அதுல போய்க் கையை வைக்கும். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"அண்ணி சொல்லியாச்சு, இனி அப்பீலே கிடையாது" என்று சிரித்தான் மிர்லான். கல்யாணத்தன்று மாமனாரின் கடைசித் தம்பி என்று அறிமுகமானவன். எலக்ட்ரீஷியன். மாட்டிக் கொடுக்க வந்திருந்தான்.

"ராத்திரி செவப்பா எரியுமா? பிள்ளை முழிச்சுக்குமே" என்று கடைக்காரனைக் கேட்டாள் சாய்ரா.

"இது எரியாது அக்கா, வெறும் தகடுதான். சூடு மட்டும் கீழே இறங்கும். ரூம் பெருசா?"

"ரெண்டு கட்டில் போட்டா நடக்க இடமிருக்காது."

"அப்ப ஆயிரம் வாட் போதும். தலைக்கு நேரா மட்டும் மாட்டிடாதீங்க, மண்டை காஞ்சிடும். கால் பக்கமா மாட்டுங்க."

"எத்தனை திருகாணிடா போடுவே?" என்று மிர்லானிடம் திரும்பினாள்.

"நாலு போதும் அண்ணி."

"எட்டாப் போடு. யார் வந்து இழுத்தாலும் அசையக் கூடாது."

"அதை யாரு இழுக்கப் போறா? மாட்டுறதுக்குக் கூலி எண்ணெயில பொரிச்ச பொர்சொக் ஒரு தட்டு நெறைய. சுடச்சுட வேணும், சொல்லிட்டேன்."

சாய்ரா சிரிக்கவில்லை. "சீக்கிரம் வண்டியை எடு. உங்கண்ணன் ஆட்டுச் சந்தையிலேர்ந்து வர்றதுக்குள்ள வேலை முடியணும்."

வழியெல்லாம் பெகிமாய் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எட்டுத் திருகாணி! தன்னை நம்பவில்லை, தான் பிடுங்கிவிடுவோம் என்று பயம் என நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மிர்லான் யாரையும் கேட்காமல் தொட்டில் இருந்த பெரியவர்கள் அறைக்குள் ஏணியைக் கொண்டுபோய்ச் சாய்த்தான். பெகிமாய் வாசலை மறித்து நின்றாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"நான் குடுக்க மாட்டேன் அத்தே! குளிர்ல நான் விறைச்சுச் செத்தாலும் சரி, என் பிள்ளை என்கிட்டதான் இருக்கணும்!"

சாய்ரா அவளைத் தாண்டி உள்ளே போனாள். குனிந்து தொட்டிலைத் தூக்கினாள். மருமகளைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேரே பெகிமாயின் அறைக்குப் போய், கட்டிலை ஒட்டி இறக்கி வைத்தாள்.

"மிர்லான், ஏணியை இங்க கொண்டா."

"ஐயோ அண்ணி! அண்ணன் வந்தா வீட்டை ரெண்டாக்கிடுவாரே!"

"ஆக்கட்டும். கத்தி முடிச்சுட்டு, அந்த எட்டுத் திருகாணியை அண்ணாந்து பாத்துட்டு உக்காரட்டும். தரையில வச்சா நான் அந்தப் பக்கம் போனதும் தூக்கிட்டுப் போயிடுவார்."

துளைபோடும் மெஷின் அலறியது. காரை உதிர்ந்தது. சாய்ரா தன் சால்வையை அவிழ்த்துத் தொட்டிலை மூடினாள். பெகிமாய்க்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

"ஏன் அத்தே? இதான் வழக்கம்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"என்கிட்டயும் சொன்னாங்க. என் மாமியார் ரூம்லதான் அடுப்பு இருந்துச்சு. பிள்ளைக்குக் குளிருதுன்னு வாங்கிட்டுப் போனா. அப்புறம் திருப்பிக் குடுக்கவே இல்ல."

"எந்தப் பிள்ளை? என் வீட்டுக்காரர்தானே உங்களுக்கு மூத்தவர்?"

ஏணி மேலிருந்து ஒரு கை கீழே நீண்டது. "அண்ணி, அந்தக் கடைசித் திருகாணியைக் குடுங்க."

சாய்ரா எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கையையே பார்த்தபடி, "இதோ, அண்ணி அண்ணின்னு கூப்பிடுறானே, இவன்தான்டி நான் பெத்த மூத்தவன்" என்றாள்.