கொக்குக் கழுத்து

சொக்கநாதன் கீழிருந்து செலுத்திய கம்பி, பைப்பின் உச்சிக்குப் போய் எதிலோ முட்டி நின்றது.

இன்னொரு முறை தள்ளிப் பார்த்தான். வெளியே வரவில்லை.

அமிர்தம் அடுப்படி ஜன்னலை விட்டு நகரவில்லை. தேய்த்து முடித்த செம்பையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திருவேட்டக்குடியில் அந்தத் தெருவுக்குக் கரண்ட் வந்த வருடம் அது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து சைக்கிளில் வரும் ஒயர்மேன் சொக்கநாதன், வீட்டுக்குள் ஒயரிங்கை முடித்து, போன வாரம் ஓட்டுக்கு மேலே இரும்புப் பைப்பையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். இன்று அதற்குள் ஒயரை இழுத்துவிட்டால் அவன் வேலை தீர்ந்தது. அப்புறம் இந்த வீட்டுக்கு வர அவனுக்குக் காரணமில்லை.

இத்தனை நாளில் அவனிடம் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

பைப்பின் உச்சி வளைந்து தரையைப் பார்த்திருந்தது. அப்பா அதை மூக்கு என்றார். அம்மாவுக்கு அது கொக்குக் கழுத்து. சொக்கநாதன் பெண்ட் என்றான். கல்லூரியில் பௌதிகம் படித்த அமிர்தத்துக்குப் புத்தகத்துப் பெயரும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவன் ஏணியில் ஏறினான். வளைவின் வாய்க்குள் விரலை விட்டு, முகர்ந்து பார்த்தான்.

"மாமா, பஞ்சு வச்சுக் குங்கிலியம் பூசியிருக்கீங்களே. இது என்ன வள்ளமா, கடல்ல எறக்கப் போறீங்களா?"

வள்ளம் பழுதுபார்க்கிற அப்பா காத்தமுத்து, ஓட்டை எதையும் திறந்தபடி விட்டுவைத்தவர் இல்லை. தலையைச் சொறிந்தார்.

"மழைக்காலமாச்சே தம்பி. வாயைத் தொறந்து போட்டா தண்ணி எறங்கிடாதா?"

"எறங்கக் கூடாதுன்னுதான் வளைச்சு வச்சிருக்கு. தண்ணி என்ன மேல ஏறியா உள்ள போவும்? ஒரு உளி இருந்தாக் குடுங்க, அரை மணியில சுரண்டிடலாம்."

உளி கடற்கரையில், பாதி வேலையில் நிற்கும் வள்ளத்தில் கிடந்தது. அப்பா எடுத்து வரப் போனார்.

ஏணியில் நின்றபடியே சொக்கநாதன் ஜன்னலைப் பார்த்தான்.

"பி.எஸ்ஸி. படிச்சவங்க. நீங்களாவது அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமுல்ல?"

செம்பைக் கீழே வைத்தாள். ஈரக் கையைத் தாவணியில் துடைத்தாள்.

"நான்தான் அடைக்கச் சொன்னேன்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. வளைவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கினான்.

அப்பா உளியோடு வேர்த்து விறுவிறுத்து வந்தபோது, அவன் சைக்கிளிலிருந்து ஒயர்ச் சுருளை அவிழ்த்து, அவர்கள் வீட்டு ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா இறுகிப்போச்சு மாமா," என்றான். "மூணு நாலு நாள் வந்து பாத்தாத்தான் ஆவும்."