விளிம்புக் கட்டம்

கணினிக்குள் சுழலும் வட்டின் மேல், அதன் கட்டங்களில் தகவல் எழுத ஒரு முள் இருந்தது. எந்தக் கட்டம் கூப்பிட்டாலும் பாய்ந்து போய் எழுதும். நடுக்கட்டங்கள் ஓயாமல் கூப்பிட்டதால் அது விளிம்புக்குப் போனதே இல்லை.

“விளிம்புக் கட்டம் செத்துப்போச்சு, ஒதுக்கிடலாம்” என்றது முள்.

வேலைக்கு முறை வகுக்கும் மென்பொருளான கெர்னல் சீறியது. “போய்ப் பார்க்காமலே செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்றே? இனிமே ஒரே திசையில போ. வழியில இருக்கறவங்க வேலையை முடி. விளிம்பைத் தொடாம திரும்பாதே!”

முள் கிளம்பியது. அது தங்களைத் தாண்டிய பிறகு கூப்பிட்ட நடுக்கட்டங்கள், “எங்ககிட்ட திரும்பி வா!” என்று கத்தின. முள் திரும்பவில்லை, விளிம்பைத் தொட்டு எழுதியது.

“வந்துட்டியா!” என்று துள்ளியது விளிம்புக் கட்டம். “இப்பத் திரும்பு. இந்தப் பக்கத்துல இருந்து எண்ணினா, நான்தான் முதல்!”