நகராத முள்

"அங்க பாரும்மா! மைனஸ் முப்பத்தஞ்சுல பச்சைப் புல்லு!"

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே தோர்வால்ட் விரலை நீட்டினார். கனடாவின் கிம்லி ஊரே இடுப்பளவு பனியில் கிடக்க, அவர் வீட்டுச் சுவரோரம் மட்டும் பாய் அகலத்துக்குப் புல் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பூனை அதன்மேல் சொகுசாகப் படுத்திருந்தது.

"தரைச்சூடுன்னா இதான். வெளிய கிடக்கிற பூனைக்கும் சேத்துச் சூடு குடுக்குது. இதைப் போய்ச் சோதிக்கப் பையைத் தூக்கிட்டு வந்துட்டே நீ!"

லொரெட் அந்தப் புல்லை உற்றுப் பார்த்தாள். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீடுகளைச் சோதித்துக் கொடுப்பது அவள் தொழில். அந்த நீர் உறையாமலிருக்கக் கலக்கும் ஆன்டிஃப்ரீஸ் மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தோர்வால்டின் மனைவி ரூனாதான் அவளைக் கூப்பிட்டிருந்தாள்.

"நாளைக்கு மெக்ஸிகோ கிளம்பறோம். ஒரு மாசம் வீடு பூட்டிக் கிடக்கும்" என்றாள் ரூனா. "நடுவுல கரண்ட் போயி, குழாயில மருந்தும் இல்லேன்னா, தண்ணி உறைஞ்சு தரையே பிளந்துடும்னு ஐனார் சொன்னான்."

"உன் தம்பியா? ஆமா, அவன் பெரிய விஞ்ஞானி!"

மைத்துனனைத் தோர்வால்ட் ஒருநாளும் மனிதனாக மதித்ததில்லை. லொரெட் பக்கம் திரும்பினார். "வருஷா வருஷம் அவன் வீட்டுப் பாய்லர்ல பிரஷர் முள்ளு இறங்கும். உடனே உன்னைக் கூப்பிட்டு அழுவான். நீயும் வாளியில மருந்தைக் கொண்டுபோய் ஊத்துவே. கீழ வா, நம்ம முள்ளைக் காட்டறேன்."

நிலவறையில் பாய்லரின் அருகே, அழுத்தம் காட்டும் முள் பதினைந்தில் நின்றது. பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர்க் குழாய் பாய்லரோடு வந்து சேரும் இடத்தில், தண்ணீரை உள்ளே விடவும் நிறுத்தவும் ஒரு பித்தளைத் திருகு. தோர்வால்ட் வழக்கம்போல் தொப்பியை அதில் மாட்டினார்.

"மூணு வருஷம்! மயிரிழை நகரலை."

"இந்தத் திருகைத் திறந்து வச்சது யாரு?" என்று கேட்டாள் லொரெட்.

"நான்தான். பாய்லர் போட்டவன் மூடிட்டுப் போயிருந்தான், மடையன். முள்ளு அப்பப்ப இறங்கிச்சு. திறந்துவிட்டேன், அன்னியோட சரியாப் போச்சு. படிச்சவனுக்கு வராத மூளை!"

லொரெட் தரைக்குழாய் நீரில் ஒரு சொட்டு எடுத்து, மருந்தின் அளவு காட்டும் கண்ணாடிக் குழலில் வைத்து, அதன் வழியே விளக்கைப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன, நிலாவுல ஆள் நடமாட்டம் தெரியுதா?" என்று சிரித்தார் தோர்வால்ட்.

அவள் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். திருகை இறுக மூடினாள். "ரூனா, ஒரு காபி கிடைக்குமா?"

ரூனா காபியும் அடுக்குக் கேக்கும் கொண்டுவந்தாள். லொரெட் அங்கிருந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாள். கேக் தின்னத்தான் வந்திருக்கிறாள் என்று தோர்வால்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று திரும்பினார்.

முள் பதினான்கில் இருந்தது.

அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பதின்மூன்று. ரூனா கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பன்னிரண்டு.

"ஏய், என்ன பண்ணித் தொலைச்சே? நல்லா இருந்த மெஷினைக் கெடுத்துட்டியே!"

"திருகை மூடினேன், அவ்வளவுதான். உள்ள மருந்து துளிகூட இல்லை. வெறும் கிணத்துத் தண்ணி."

"பொய்! நிறைய ஊத்தின மருந்து எங்க போகும்?" தோர்வால்ட் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மூணு வருஷமா ஒரு சொட்டு ஒழுகினதை இந்த வீட்டுல யாராவது பாத்திருக்கோமா?"

லொரெட் காலிக் கோப்பையை ரூனாவிடம் நீட்டினாள்.

"அந்தப் பச்சைப் புல்லுக்கு நீங்கதான் வெந்நீர் ஊத்திட்டிருக்கீங்க."