மோட்டார் இல்லாத வீடு

“நான் இல்லாட்டியும் இந்த வீடு அதுபாட்டுக்கு நடக்கணும் சார்” என்று கணவன் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆர்க்கிடெக்ட் தலையாட்டிக்கொண்டே வரைபடத்தை மேசையில் விரித்தார். சரிவான நிலம், நடுவில் மாடு படுத்த மாதிரி ஒரு பாறை, ஓரத்தில் பெரிய மரம். பாறையை உடைக்கவில்லை, மரத்தை வெட்டவில்லை. இரண்டும் விட்ட இடத்தில் வீடு அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

“மேட்டு ஊத்துத் தண்ணி குழாய்ல தானா இறங்கிடும், மோட்டார் வேண்டாம். காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும், ஏசி வேண்டாம்.”

“அதான் சரி. மோட்டார் மக்கர் பண்ணா இவளுக்குக் கை கால் உதறும்” என்றான் கணவன்.

ஆர்க்கிடெக்ட் டேப்பை எடுத்தார். சமையல் மேடைக்காக அவளுடைய முழங்கை உயரத்தை அளந்தார். உட்கார்ந்தபடியே மரம் தெரிய வேண்டுமே, அதற்காகக் கண் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்.

“இவரை அளக்கலையா?”

“சாரோட அளவு எங்கிட்ட ஏற்கனவே இருக்கு மேடம்.”

அவள் வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். மகளுக்குப் படிக்கும் அறை, அவளுக்கு மரத்தடியில் ஒரு மேசை. கணவனுக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை.

“எனக்கென்ன? நீங்க ரெண்டு பேரும் சௌகரியமா இருந்தா போதும்” என்றான். பதினாறு வருஷமாக டிவி ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதன்!

வீட்டுக்கு வந்து கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நாலு மாதத்தில் ஆறு கிலோ இளைத்திருக்கிறான். சர்க்கரையை நிறுத்திவிட்டான். திடீர் திடீரென்று அவளைப் பாவமாகப் பார்க்கிறான்.

ஏதோ பெரிய வியாதி. பயத்தைவிட அவளுக்குக் கோபம்தான் அதிகமாக வந்தது. கூடவே வாழ்ந்தவளிடம் இதைப் போய் மறைக்கலாமா? யாரோ ஒரு ஆர்க்கிடெக்டுக்குத் தெரிந்தது பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாதா? பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தாள்.

மறுவாரமே கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ரத்தம், ஸ்கேன், இதயம் என்று ஒன்று விடாமல் பார்த்தாகிவிட்டது. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

“இவருக்கு என்னம்மா? இருபத்தஞ்சு வயசுப் பையன் மாதிரி இருக்கார்.”

“நான்தான் ஒண்ணுமில்லேன்னு சொன்னேனே” என்று முனகிக்கொண்டே கணவன் காரை எடுக்கப் போனான். அவளுக்கு அவன் முணுமுணுப்புகூட இனித்தது. போன உயிர் திரும்பி வந்திருக்கிறது, வீடாவது பாறையாவது! வாசலில் நின்றபடியே ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டாள்.

“சார், பிளானைக் கொஞ்சம் மாத்தணும். அவருக்கும் ஒரு ரூம் போடுங்க, மரத்தைப் பார்த்த மாதிரி. இடம் பத்தலேன்னா பாறையை உடைச்சாலும் பரவாயில்லை!” சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“மேடம்... நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் பிரியறீங்கன்னு சார் சொன்னாரே! அவருக்கும் அந்தம்மாவுக்கும் போன மாசமே வேற வீடு வரைஞ்சு குடுத்துட்டேனே!”